இரும்புக்கை மாயாவியும் ஓர் அமானிதமும்

சென்ற தவணையில் ஒருநாள், தரம் எட்டு வகுப்புத் தலைவி ஒரு கணிதக் கொப்பியைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தாள். "டீச்சர், பாடம் நடக்கும்போது இதில் கார்ட்டூன் கீறிக்கொண்டிருந்தாங்க" என்றாள். திறந்து பார்த்தேன். பின்பக்கத்திலிருந்து பத்துப் பன்னிரண்டு தாள்கள் முழுக்கக் கட்டங்கள். பெரிய கண்களும் கூரான முடியுமாக ஜப்பானிய கார்ட்டூன் முகங்கள். பெயர் எழுதிய மேலுறையைக் கழற்றிவிட்டார்கள்.

"யாருடையது?" என்று வகுப்பைப் பார்த்துக் கேட்க வேண்டியதுதான் பாக்கி. என் வாய் வரவில்லை. அந்த ஒரு கேள்விக்கு நாற்பது வருஷத்துக்கு முன் நான் சொன்ன பதில் நினைவுக்கு வந்துவிட்டது. அதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. இந்த மலருக்கு ஒரு கட்டுரை கேட்டபோது, சொல்ல வேண்டிய நேரம் இதுதான் என்று தோன்றியது.

நான் பிறந்து வளர்ந்தது எல்லவில். இன்று எல்ல என்றால் உங்களுக்கு வெள்ளைக்காரப் பயணிகளும், ஹோட்டல் பலகைகளும், ஒன்பது வளைவுப் பாலத்தில் படம் பிடிக்க முண்டியடிக்கும் கூட்டமும்தான் ஞாபகம் வரும். 1980களின் தொடக்கத்தில் அப்படியில்லை. ஸ்டேஷனுக்கு இறங்கும் பாதை, நாலைந்து கடைகள், சுற்றிவரத் தேயிலை, எதிரே மலை இடுக்கு. மாலை நாலு மணிக்கே பனி இறங்கிவிடும். 1921இல் கட்டி முடிக்கப்பட்ட அந்தப் பாலம் எங்களுக்கு வேடிக்கைப் பொருளல்ல, தெமோதரைப் பக்கம் போகிற குறுக்குவழி.

வாப்பாவுக்குச் சில்லறைக்கடை. அரிசி, மா, கருவாடு, மண்ணெண்ணெய். சம்பள நாள்வரை தோட்டத்து ஆட்களுக்குக் கடன் கொப்பி. கடையின் பின்பக்கம் வீடு. அந்தக் கொப்பியில் பெயருள்ள ஒரு குடும்பத்துப் பிள்ளைதான் என் தோழி. அவளுடைய பெயரை இங்கே எழுதவில்லை. எழுதட்டுமா என்று கேட்க அவள் எங்கே இருக்கிறாள் என்றுகூட எனக்குத் தெரியாது.

ஒரே வகுப்பு, ஒரே வாங்கு. தோட்டத்துப் பாடசாலையில் ஐந்தாம் ஆண்டு முடித்துவிட்டு, லயத்திலிருந்து காலையில் இரண்டு மைல் நடந்து எங்கள் பாடசாலைக்கு வருவாள். சப்பாத்து இல்லாத கால்களில் அட்டை கடித்த இடம் சிவந்திருக்கும். அவளுடைய மாமா பதுளை நகரத்தில் ஒரு கடையில் வேலை செய்தார். சனிக்கிழமை இரவு லயத்துக்கு வரும்போது, பழைய புத்தகக்காரரிடம் வாங்கிய காமிக்ஸ் ஒன்று அவர் பையில் இருக்கும். சிவகாசியில் அச்சாகி, கடல் தாண்டிக் கொழும்புக்கு வந்து, கோச்சியேறிப் பதுளைக்கு வந்து, யார் யாரோ படித்து, அட்டை போய், ஓரம் சுருண்டு எங்கள் கைக்கு வந்த புத்தகங்கள் அவை.

இன்றைய பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். முத்து காமிக்ஸ் 1972 ஜனவரியில் சிவகாசியில் தொடங்கியது. அதன் முதல் இதழே 'இரும்புக்கை மாயாவி'. அது தமிழ்க் கதையல்ல. இங்கிலாந்தில் 'வேலியன்ட்' என்ற வாரப் பத்திரிகையில் 1962இல் தொடங்கிய கதை. படம் வரைந்தவர் ஹெசூஸ் பிளாஸ்கோ என்ற ஸ்பானிய ஓவியர். லூயிஸ் கிராண்டேல் என்பவன் ஒரு கையை இழந்து இரும்புக் கை பொருத்திக்கொள்கிறான். உடம்பில் மின்சாரம் பாய்ந்தால் அவன் மறைந்துவிடுவான். அந்த இரும்புக் கை மாத்திரம் அந்தரத்தில் தெரியும். இதுதான் சங்கதி. லண்டன் பையன்களுக்காக ஒரு ஸ்பானியர் வரைந்த மனிதன் தமிழ் பேசிக்கொண்டு எல்லவுக்கு வந்துவிட்டான். மாயாவியை விட்டால் ஜானி நீரோ, துப்பறியும் ரிப் கெர்பி. கிடைத்தால் அம்புலிமாமா. 1947இல் சென்னையில் தொடங்கிய அந்தப் பத்திரிகையில் ஓவியர் சங்கர் வரைந்த படத்தில், விக்கிரமாதித்தன் வாளோடு வேதாளத்தைத் தோளில் சுமந்து நடப்பான். அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு இருட்டில் கிணற்றடிக்குப் போக எனக்குப் பயம்.

பாடசாலை விட்டு வரும்போது ரயில் பாதையோரம் ஒரு கொய்யா மரத்தடியில் உட்கார்ந்து இருவரும் தலையை ஒட்டவைத்துக்கொண்டு படிப்போம். நான் வேகமாக வாசிப்பேன். அவள் படத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள், பக்கம் திருப்ப விடமாட்டாள். "கொஞ்சம் இரு, அந்த ஆளோட நெழல் எப்படி விழுந்திருக்குன்னு பாரு" என்பாள். எனக்கு நிழலாவது வெயிலாவது, கதை ஓட வேண்டும்.

ஒருநாள் மாயாவி சுவரிலிருந்த மின்சாரக் கம்பியில் விரலை வைத்து மறைகிற கட்டம் வந்தது. அவள் புத்தகத்தைப் பிடித்து நிறுத்தினாள்.

"ஏய், இவன் எங்க லயத்துக்கு வந்தா என்னா செய்வான்?"

"என்ன செய்வான்?"

"மறையவே முடியாதே. எங்ககிட்ட கரண்டு எங்க இருக்கு?"

இருவரும் விழுந்து விழுந்து சிரித்தோம். அவர்களுடைய லயத்தில் அப்போது மின்சாரம் இல்லை. மண்ணெண்ணெய் விளக்குத்தான். அந்த எண்ணெயை எங்கள் கடையில்தான் கால் போத்தல், அரைப் போத்தலாக அளந்து வாங்குவார்கள். அவள் சொன்னதில் சிரிப்பை விட வேறு ஏதோ இருந்தது என்பதை விளங்கிக்கொள்ள எனக்கு நெடுங்காலம் எடுத்தது.

எங்கள் வீட்டில் கரண்டு இருந்தது. 1982 பெப்ரவரியில் ரூபவாஹினி தொடங்கியது. அடுத்த சில மாதத்தில் வாப்பா பதினாலு அங்குலக் கறுப்பு வெள்ளைத் தொலைக்காட்சிப் பெட்டி ஒன்று வாங்கினார். கார்ட்டூன் போடுகிற மாலைகளில் கடையின் பின்ஜன்னலில் ஐந்தாறு தலைகள் தெரியும். அதில் அவளுக்கு மட்டும் உள்ளே வர அனுமதி உண்டு. பாயில் உட்கார்ந்து, உம்மா கொடுக்கும் பிளேன்டீயைக் குடித்துக்கொண்டு, பூனை எலியைத் துரத்துவதைப் பார்ப்போம். பேசுகிற மொழி எங்கள் இருவருக்குமே புரியாது. புரியத் தேவையும் இருக்கவில்லை. அவள் எனக்குக் காமிக்ஸ் தருவாள், நான் அவளுக்குத் தொலைக்காட்சி காட்டுவேன். கணக்குச் சரி என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

அவள் கீறவும் செய்வாள். கொப்பி வாங்கக் காசு இல்லாததால் கிடைத்த இடத்தில் கீறுவாள். மாயாவி இதழ் ஒன்றின் பின்னட்டை உட்பக்கம் வெறுமையாக இருந்தது. அதில் பென்சிலால் ஒன்பது வளைவுப் பாலத்தைக் கீறினாள். பாலத்தின் மேல் கோச்சி வருகிறது. கீழே தேயிலைச் செடிகளுக்கு நடுவே ஓர் இரும்புக் கை மட்டும் குப்பி விளக்கைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. நாங்கள் படித்த எத்தனையோ கதைகளில் லண்டன் வந்தது, நியூயோர்க் வந்தது, ஆபிரிக்கக் காடு வந்தது. எங்கள் ஊர் வந்தது அந்த ஒரு படத்தில்தான்.

அந்த இதழை நான் கெஞ்சி வாங்கினேன். "மாமாவுக்குத் தெரியாது, நாளைக்கே குடுத்துடணும்" என்று தந்தாள். வீட்டில் வைக்கப் பயந்து, ஓதப் போகும் பையில், ஜுஸ்உவுக்கும் விரிப்புத் துணிக்கும் நடுவே சொருகிக்கொண்டேன். அன்று பின்னேரம் வாப்பா எதற்கோ அந்தப் பையை எடுத்தார். புத்தகம் விழுந்தது.

வாப்பா அடிக்கிற மனிதரல்ல. ஆனால் ஓதுகிற பையில் அதைக் கண்டதும் அவர் முகம் மாறிவிட்டது.

"யாருட பொஸ்தகம் இது?"

அவளுடையது என்று சொன்னேன். அதுவரை உண்மை. அதோடு நிறுத்தியிருக்கலாம்.

"எப்படி இந்தப் பைக்குள்ள வந்த?"

"எனக்குத் தெரியாது வாப்பா. அவள்தான் வெச்சிருப்பாள்."

இவ்வளவுதான். பெரிய வசனமெல்லாம் இல்லை. ஒரு பிள்ளை அடிக்குப் பயந்து சொல்கிற சாதாரணப் பொய். சனிக்கிழமை அவளுடைய அம்மா சாமான் வாங்க வந்தபோது, வாப்பா நாலு பேர் முன்னிலையில் சொன்னார்: "ஒங்கட மகள இனி இந்தப் பக்கம் அனுப்ப வேணாம்." அந்த அம்மா என்ன ஏது என்று கேட்கவில்லை. "சரிங்க மொதலாளி" என்று தலையைக் குனிந்துகொண்டார். கடன் கொப்பியில் பெயருள்ளவர்கள் கேள்வி கேட்பதில்லை. நான் உள்வாசல் திரைக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். திங்கட்கிழமை தோழி வகுப்பில் வேறு வாங்கில் உட்கார்ந்திருந்தாள். அவளுடைய புறங்கையில் பிரம்புத் தழும்பு. என்னைக் காட்டிக் கொடுக்கவும் இல்லை, ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்கவும் இல்லை.

புத்தகம் வாப்பாவின் கணக்குக் கொப்பிகளோடு ராக்கையின் மேல்தட்டுக்குப் போய்விட்டது.

அது 1983. அந்த ஜூலையில் நடந்ததை உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கேளுங்கள். கொழும்பில் மூண்ட தீ மலையேறி வந்தது. பதுளையிலும் பண்டாரவளையிலும் தமிழர்களுடைய கடைகள் எரிந்தன. தோழியின் மாமா வேலை செய்த கடையும் எரிந்தது. அவர் உயிர் தப்பி, இரவில் தேயிலைக்குள்ளேயே நடந்து தோட்டம் வந்து சேர்ந்தார். கடைக்குப் பின்னாலிருந்த அவருடைய அறையில் கட்டிலுக்கடியில் ஒரு பெட்டி இருந்ததாம். அவர் வருஷக்கணக்காகச் சேர்த்த காமிக்ஸ் அத்தனையும் அதில்தான். எல்லாம் சாம்பல். மிஞ்சியது ஒன்றே ஒன்று. அது எங்கள் வீட்டு ராக்கையின் மேல் இருந்தது.

அதற்குப் பிறகு அவர்கள் போவதென்று முடிவெடுத்துவிட்டார்கள். 1964 ஒக்டோபரில் கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தை நீங்கள் வரலாற்றுப் பாடத்தில் படித்திருப்பீர்கள். மலைநாட்டில் நாடற்றவர்களாக இருந்த 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென்றும், மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசுவதென்றும் முடிவு செய்தார்கள். புத்தகத்தில் அது ஒரு பந்தி. எங்கள் எல்ல ஸ்டேஷனில் அது ஒரு கோச்சி. தலைமன்னார் வரைக்கும் ரயில், அங்கிருந்து இராமேஸ்வரத்துக்குக் கப்பல், பிறகு மண்டபம் முகாம். போகிறவர்களும் வழியனுப்புகிறவர்களும் கட்டிப்பிடித்து அழுகிற சத்தத்தால் அதற்கு 'ஒப்பாரிக் கோச்சி' என்றே பெயர் வந்துவிட்டது.

1984 ஜனவரியில் ஒரு காலை. உம்மா ராக்கையிலிருந்து அந்தப் புத்தகத்தை எடுத்து என் கையில் தந்தார். "அடுத்தவங்கட அமானிதத்த வெச்சிக்கொண்டு இரிக்கக் கூடாது மகள். ஓடிப் போய்க் குடுத்திட்டு வா." உம்மா என் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னார். அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது என்று அந்த நிமிஷமே எனக்கு விளங்கியது.

ஸ்டேஷனில் நிற்க இடமில்லை. தகரப் பெட்டி, அம்மிக்கல், கோழிக்கூடு, சாமிப்படம். அவளுடைய அம்மா தரையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார். அவள் ஜன்னலோரம் இருந்தாள். நான் புத்தகத்தை நீட்டினேன். வாங்கி, பின்னட்டையைத் திருப்பிப் பார்த்தாள். பிறகு என்னிடமே திருப்பித் தந்தாள்.

"நீயே வச்சிக்க. அங்கதானே இத அச்சடிக்கிறாங்க. அங்க நெறைய இருக்குமாம்."

அவ்வளவுதான் சொன்னாள். கோபமில்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. "அன்றைக்கு நான் பொய் சொன்னேன், மன்னித்துக்கொள்" என்று சொல்ல என்னிடம் குறைந்தது ஐந்து நிமிஷம் இருந்தது. சொல்லவில்லை. "போய்க் கடிதம் போடு" என்றேன். கோச்சி நகர்ந்தது. கடிதம் வரவில்லை. அந்த வருஷத்துக்குள்ளேயே யுத்தத்தால் தலைமன்னார்க் கப்பலும் நின்றுபோனது.

காலம் போயிற்று. எண்பதுகளின் பிற்பகுதியில் ரூபவாஹினியில் டைட்டஸ் தொட்டவத்த சிங்களத்தில் தந்த கார்ட்டூன்களை நானும் பார்த்தேன். லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸின் 'ரேகாவ' படத்துக்குப் படத்தொகுப்புச் செய்தவர் அவர். 'தொஸ்தர ஹொந்தஹித', 'பிஸ்ஸு பூஸா', 'ஹா ஹா ஹரி ஹாவா' என்று அவர் கை பட்டதும், அமெரிக்க முயலும் பூனையும் நம் சந்தையில் பேரம் பேசுகிற ஆட்களைப் போலப் பேசத் தொடங்கிவிட்டன. என் சிங்களத்தில் பாதி அந்த முயலிடம் படித்ததுதான். தமிழ் எழுத்தில் பயம் போனது மாயாவியால், சிங்களத்தில் கூச்சம் போனது முயலால். ஒவ்வொரு முறை சிரிக்கும்போதும் பக்கத்தில் பாயில் ஓர் இடம் வெறுமையாக இருப்பது போல இருக்கும்.

அமெரிக்காவில் எங்கள் வயதுக்காரர்களுக்குச் சனிக்கிழமைக் காலை என்றாலே கார்ட்டூன்தானாம். 1960களில் பெரிய தொலைக்காட்சி நிலையங்கள் தொடங்கிய வழக்கம் அது. 1992இல் என்.பி.சி. நிலையம் அந்தக் கார்ட்டூன்களை நிறுத்தியது. மற்றவையும் ஒவ்வொன்றாகக் கைவிட்டன. இப்போது எந்தக் கார்ட்டூனையும் எந்த நேரத்திலும் கைப்பேசியில் பார்க்கலாம். என் மகளும் அப்படித்தான் பார்க்கிறாள். காதில் ஒன்றை மாட்டிக்கொண்டு தனியாகச் சிரிக்கிறாள். அதைக் குறை சொல்ல வரவில்லை. எங்களுக்குக் கிடைக்காத எவ்வளவோ அவளுக்குக் கிடைக்கிறது.

சில வருஷங்களுக்கு முன், சென்னைக்குப் போய்வந்த நானா ஒருவர் மாயாவி கதையின் மறுபதிப்பு ஒன்றைக் கொண்டுவந்து தந்தார். நல்ல தாள், பளபளக்கும் அட்டை. ஆசையோடு உட்கார்ந்து படித்தேன். உண்மையைச் சொன்னால், பாதிக்கு மேல் ஓடவில்லை. கதை பழையது, சண்டை ஒரே மாதிரி. பிறகு என் அலுமாரியிலிருந்து அந்தப் பழைய, அட்டை போன இதழை எடுத்தேன். அதே மாயாவி, பழுப்பேறிய தாள், ஓரமெல்லாம் நொறுங்குகிறது. அதை வைக்க மனம் வரவில்லை. 'அந்தக் காலத்துக் காமிக்ஸ் போல வருமா' என்று நம்மில் பலர் ஏங்குகிறோம். புத்தகத்துக்காக ஏங்குகிறோம் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். எனக்கு வேண்டியிருந்தது, பக்கம் திருப்ப விடாமல் பிடித்துக்கொண்டு 'நெழலப் பாரு' என்று சொன்ன அந்தக் குரல்.

பெற்றோர்களுக்கு ஒரு வார்த்தை. என் வாப்பா தவறான மனிதரல்ல. பிள்ளை கெட்டுப் போய்விடக் கூடாது என்ற கவலைதான் அவருக்கு. புத்தகத்தைக் கண்டதும் யாருடையது, எப்படி வந்தது என்று கேட்டார். 'இதில் என்ன இருக்கிறது, வாசித்துக் காட்டு' என்று கேட்டிருந்தால் நான் வாசித்துக் காட்டியிருப்பேன். பொய் சொல்ல அவசியம் வந்திருக்காது. மாணவிகளுக்கும் ஒரு வார்த்தை. அமானிதம் என்பது பொருள் மட்டுமல்ல. ஒருத்தி நம்பிக்கையோடு நம்மிடம் விட்டுவைத்த பெயரும் அமானிதம்தான். பொருளைத் திருப்பிக் கொடுக்க ஸ்டேஷன்வரை ஓடினேன். பெயரைத் திருப்பிக் கொடுக்கவில்லை. வாப்பா மௌத்தாகும்வரை, அந்தப் பிள்ளை எங்கள் ஓதல் பையைக் கெடுத்தவள் என்றே நினைத்திருந்தார். அவரிடமும் நான் சொல்லவில்லை.

அந்தக் கணிதக் கொப்பிக்கு வருகிறேன். வகுப்பில் நான் எதுவும் கேட்கவில்லை. "இடைவேளையில் நூலகத்தில் இருப்பேன், கீறியவர் வந்து வாங்கிக்கொள்ளலாம்" என்று மட்டும் சொன்னேன். அன்று வரவில்லை. மறுநாளும் வரவில்லை. மூன்றாம் நாள் பின்வாங்கில் இருக்கும் ஒரு பிள்ளை வந்து கதவோரம் நின்றது. கொப்பியைக் கொடுத்துவிட்டு, "கணக்குப் பாடத்தில் கணக்குச் செய், மகள். ஆனால் கீறுவதை நிறுத்தாதே" என்றேன். அந்தப் பிள்ளை நம்பாமல் பார்த்தது.

அதற்காகவே வீட்டிலிருந்து கொண்டுவந்திருந்த பழைய இதழை எடுத்து, பின்னட்டையைத் திருப்பிக் காட்டினேன். பென்சில் கோடு மங்கியிருக்கிறது. பாலம் தெரிகிறது, கோச்சி தெரிகிறது, விளக்கைப் பிடித்த கை தெரிகிறது. பிள்ளை குனிந்து நெடுநேரம் பார்த்தது.

"டீச்சர், இது எல்லப் பாலம்தானே? விளக்கு வெளிச்சத்துக்குச் செடிகளோட நிழல்கூடச் சரியா விழுந்திருக்கு. யார் கீறினது?"

அவளுடைய பெயரைச் சொன்னேன். பிறகு, பக்கத்துக் கதிரையில் அந்தப் பிள்ளையை இருக்கச் சொல்லிவிட்டு, பையில் அந்தப் புத்தகத்தை வைத்தது யார் என்பதையும் சொன்னேன்.